அக்காவின் சர்க்கரையும் என் சர்க்கரையும்

நோயைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். என் ஓரகத்திக்குச் சர்க்கரை வந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஐயோ பாவம் என்று எரியவில்லை. ஒரு நோய் வந்ததற்காக அவளைத் தெருவே கையில் வைத்துத் தாங்கியதே, அதைப் பார்த்து எரிந்தது.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். ஆவடி சேக்காட்டில் ஒரே வீடு; கீழே அவளும் அவள் கணவரும், மாடியில் ஒற்றை அறையில் நான். என் கணவர் இறந்த பிறகும் அந்த மாடியைக் காலி செய் என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாடு கீழே அக்கா சமையலறையில். வேலை திருமழிசை தொழிற்பேட்டையில், ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில். காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயந்திரம் கொண்டுவந்து கொட்டும்.

அக்காவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரத்தில் எதிர்வீட்டு அம்மா வெந்தயத்தை ஊறவைத்துக் கிண்ணத்தோடு கொண்டுவந்தார். மூன்றாவது வீட்டில் இருக்கும் ரிட்டையர்டு மனிதர் ஆவாரம்பூப் பொடி வாங்கித் தந்தார். தள்ளுவண்டிக் காய்காரர் எங்கள் வாசலில் நின்று, "சுகர் அம்மாவுக்குப் பாவக்கா தனியா எட்த்து வெச்சிக்கீறேன்" என்று கத்துவார். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முண்டியடிக்கும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு யாராவது ஒருவர் அவளை முதல் வரிசையில் உட்காரவைப்பார்கள். "அவங்க நேரத்துக்குச் சாப்புடணும், சுகர் கீது." அக்கா முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்காருவாள். அவள் மாத்திரை அட்டைகள் டிவி பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கும். வருகிறவர்கள் அதை எடுத்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்லலாம்.

என் மாத்திரை மாடியில், பீரோவுக்குள், புடவைகளுக்கு நடுவில், ஒரு பழைய கால்சியம் டப்பாவுக்குள் இருக்கும். குலுங்கினால் சத்தம் வராமலிருக்க மேலே பஞ்சு. அது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து. அதை யாரும் எடுத்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டுக்குள் சர்க்கரை என்ற பெயரை முதலில் கொண்டுவந்தவளே நான்தான். என் கணவரை மூளைக்காய்ச்சல் என்று சேர்த்தோம், அவர் திரும்பி வரவில்லை. டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு அவருடைய ரத்தத்தில் என்ன இருந்தது என்று சொன்னார், என்னையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்தேன், எனக்கும் இருந்தது. வீட்டில் மூளைக்காய்ச்சல் என்பதோடு பேச்சு நின்றது. எனக்கு மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு காரணம் வேண்டும், தினமும் மாத்திரை விழுங்க ஒரு காரணம் வேண்டும். அக்கா கேட்டபோது யோசிக்காமல் "சுகர்" என்று சொல்லிவிட்டேன். பிரஷர் என்று சொல்லியிருக்கலாம். உப்பை மட்டும் குறைத்திருப்பார்கள்.

அன்றைக்கு நின்றது எனக்கு இனிப்பு. தீபாவளிக்கு குலாப் ஜாமூன் பாத்திரம் என் பக்கம் வந்தால் அக்காவின் கை குறுக்கே நீளும். "அவளுக்கு ஆவாது." பொங்கலன்று எனக்கு வெண்பொங்கல் மட்டும். நல்ல ஆரோக்கியமான சர்க்கரையை உடம்பில் வைத்துக்கொண்டு கம்பெனி கேன்டீனில் திருட்டுத்தனமாக லட்டு தின்றவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சரி, அதுகூடப் போகட்டும். எனக்குச் சர்க்கரை என்றபோது வெந்தயக் கிண்ணம் எங்கே போனது? ஆவாரம்பூ எங்கே போனது? புருஷனை இழந்தவளுக்கு நோய் வந்தால், "கவலையில வந்திருக்கும்" என்ற ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்துவிடும். அக்காவுக்கு வந்ததும் அதே பெயருள்ள நோய் சிம்மாசனம் ஏறிவிட்டது. நான் பொய்க்காக வைத்துக்கொண்ட வியாதியில்கூட அவள் என்னை முந்திவிட்டாள்.

மாத்திரை சாப்பிட்டு வாழ்வது எப்படி இருக்கும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, ஆகவே இங்கே சொல்லிவிடுகிறேன். முதலில் கொடுத்த மாத்திரை தலையைச் சுற்றும், போட்டுவிட்டுப் படுத்தால் கனவு கனவாக வரும். கனவில் நான் பேக் செய்த பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்து வாசலில் நிற்கும். காலையில் எழுந்தால் கால் தரையில் சரியாகப் பாவாது. அக்கா, "சுகர்காரிக்குக் கிறுகிறுப்பு சகஜம்" என்று சொல்லி, அதிலும் என் வேலையைச் சுலபமாக்கினாள். பிறகு மாத்திரையை மாற்றினார்கள். கனவு நின்றது, பசி வந்தது, ஜாக்கெட் எல்லாம் பிடிக்க ஆரம்பித்தது. புது ஜாக்கெட் தைக்கக் கொடுத்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். உடம்பு பெருப்பதற்குச் சந்தோஷப்பட்டதையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

யாரிடமும் என்பது தப்பு. பூந்தமல்லிக்காரி ஒருத்தியிடம் சொன்னேன். கூட்டு மருந்து மையத்தின் பெஞ்சில் பழக்கமானவள். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் செய்கிறாள். அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கேட்டால் வெளியாட்களிடமும் மறைக்கமாட்டாள். அவள் மாமியார் தினமும் மாத்திரை நேரத்துக்குத் தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்பாராம். அதைக் கேட்டு அவள்மேலும் எனக்குப் பொறாமைதான், ஆனால் அவள்மேல் அதிக நேரம் பொறாமைப்பட முடியாது, சிரிக்க வைத்துவிடுவாள். மருந்து வாங்கியதும் வெளியே டீக்கடையில் உட்கார்ந்து, புட்டியிலிருந்து என் கால்சியம் டப்பாவுக்கு மாத்திரைகளை மாற்றுவோம். காலிப் புட்டியின் லேபிளை நகத்தால் சுரண்டுவது அவள் பொறுப்பு. "நகப்பூச்சு எல்லாம் உன்னாலதான் போவுது" என்று ஒவ்வொரு தடவையும் திட்டுவாள்.

ஒருநாள் என் வைரல் லோடு முடிவு வந்தது. ரத்தத்தில் கிருமி கண்ணுக்கே சிக்காத அளவுக்கு அடங்கிவிட்டது, இப்படியே மாத்திரையை விடாமல் போட்டுவந்தால் உங்களுக்கும் பயமில்லை, உங்களால் மற்றவர்களுக்கும் பயமில்லை என்று மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா சொன்னார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல சேதி அது. பூந்தமல்லிக்காரி டீயோடு ஒரு பன்னும் வாங்கித் தந்தாள். வீட்டுக்கு வந்தால் கூடம் நிறைய ஆள். அக்காவின் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். கல்யாணமாகி, சின்னப் பெண்குழந்தையோடு முகப்பேரில் ஃப்ளாட்டில் இருக்கும் மகளுக்கு வீடியோ காலில் ரிப்போர்ட்டைக் காட்டுகிறாள், எதிர்வீட்டு அம்மா கைதட்டுகிறார். "இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஒனக்கு ரிப்போர்ட் இன்னா சொன்னான்?" என்றாள். "அப்படியேதான்க்கா" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன். அந்த மாடிப்படியில் ஏறும்போது இருந்த எரிச்சலைப் போல அதற்கு முன்னும் பின்னும் எனக்கு இருந்ததில்லை. அவள் பாதிக் கிணறு தாண்டியதற்கே கைதட்டல். நான் முழுசாகத் தாண்டிவிட்டு புடவையை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த எரிச்சல்தான் அடுத்து நடந்த கூத்துக்குக் காரணம். அக்காவின் மகள் சுகர் பார்க்கும் மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். அக்கா அதை வைத்துக்கொண்டு தெருவையே குத்திப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டு அம்மாவை வைத்துக்கொண்டே என் விரலைப் பிடித்தாள். கையை இழுத்துக்கொண்டால் கேள்வி வரும். நானே ஊசியை வாங்கிக் குத்திக்கொண்டு, சொட்டைப் பட்டையில் வைத்தேன், பஞ்சையும் ஊசியையும் நானே எடுத்துக்கொண்டேன். மெஷினில் நம்பர் வந்தது. சர்க்கரையே இல்லாதவளுக்கு என்ன வருமோ அது வந்தது.

அக்கா மெஷினைத் தட்டிப் பார்த்தாள். தன் விரலையும் புது ஊசியால் குத்திப் பார்த்தாள். அவளுடையது எக்கச்சக்கமாக இருந்தது.

"எப்டிடி? நான் பாவக்கா தின்னு தின்னு நாக்கு செத்துப் போய்க் கீறேன். ஒனக்கு மட்டும் எப்டி?"

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பொறாமை. அக்காவுக்கு, என்மேல். குளுகுளுவென்று இருந்தது. அந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும், முடியவில்லை.

"எங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாத்திரை அப்படிக்கா. லூஸா தர்றாங்க, ஆனா ஒரே மாத்திரை, ஒரே வேளை. ஒரு நாள்கூட விடமாட்டேன்."

எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்து, "ஒழுங்கா இருக்கறவங்களுக்கு எல்லாம் கட்டுப்படும்" என்றார். அக்காவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று முழுக்க நான் மிதந்தேன்.

சில நாள் கழித்து டப்பாவில் மாத்திரை குறைந்தது. மையத்தில் மருந்து வாங்கும் நாங்கள் எல்லோருமே மாத்திரையைக் கணக்கு வைத்திருப்போம். மிச்சம் எவ்வளவு என்று மையத்தில் எண்ணிப் பார்ப்பார்கள். முதலில் என்மேலேயே சந்தேகப்பட்டேன். தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை போட்டுவிட்டேனோ? மறுநாள் வேலையில் வாஷர்களை எண்ணிக்கொண்டிருக்கும்போதும் அதே நினைப்பு. மறுபடியும் குறைந்தது, மொத்தம் நாலு. மாடிக் கதவுக்குப் பூட்டுப் போடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அந்த வாரம் அக்காவுக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்டது நிற்கவில்லை, குமட்டல், பேதி. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள்.

"உன்னாண்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். திட்டக்கூடாது. நீ வேலைக்குப் போனப்புறம் மேல போயி உன் மாத்திரய எட்த்துப் போட்டுக்கினேன். என்னுதும் போட்டேன், உன்னுதும் போட்டேன். ரெண்டும் சேந்தா சீக்கிரம் எறங்கும்னு பாத்தேன். வயித்தப் பெரட்டுது. அது மொதல்ல அப்டித்தான் இர்க்குமா? ஒனக்கும் இர்ந்துச்சா?"

"இனிமே தொடாதக்கா" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், நான் நல்லா ஆனா ஒனக்கு இன்னா? அடுத்த தபா போறப்ப எனக்கும் சேத்து வாங்கினு வா. எதுத்த ஊட்டு அம்மாகூட அவுங்க தங்கச்சிக்குக் கேட்டாங்க."

மாடிக்குப் போய் பூந்தமல்லிக்காரிக்கு போன் செய்தேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு நிறுத்திவிட்டு, "கவுன்சிலர் அம்மாவக் கேளு, இப்பவே கேளு" என்றாள். கேட்டேன். நாலு நாள் போட்டதால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், ஆனால் இந்த மருந்து சேர்ந்தால் அவருடைய சர்க்கரை மாத்திரையின் வேகம் ஏறும், வயிற்றுப்போக்கு அதனால்தான் இருக்கும், சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரிடம் உடனே கூட்டிப்போங்கள் என்றார். "என்ன மாத்திரை சாப்பிட்டாங்கன்னு அவர்கிட்ட சொல்லியே ஆகணும். சொல்லாம விடாதீங்கம்மா."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். டாக்டரிடம் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் மாடி போகும், கீழே சாப்பாடு போகும், அந்தத் தெரு போகும். சொல்லாவிட்டால் அவள் உடம்பு என்ன ஆகுமோ. அவளுக்கு வந்த சர்க்கரையைப் பார்த்து இத்தனை நாள் வயிறெரிந்தவள்தான் நான், ஆனால் அவள் சாகட்டும் என்று ஒரு நிமிடம்கூட நினைத்தவளில்லை. இறங்கிப் போனேன்.

அவள் கணவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அக்கா சமையலறைத் தரையில் காலை நீட்டி, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. எனக்குச் சர்க்கரை கிடையாது, எச்.ஐ.வி. இருக்கிறது, நீ போட்டது அதற்கான மாத்திரை.

அவள் கீரையைக் கீழே போட்டாள். எழுந்து சின்க்கில் வாயைக் கொப்பளித்தாள். கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் ஒட்டிக்குமா?"

"மாத்திரைல ஒட்டாதுக்கா. மாத்திரை அதை அடக்கறதுக்கு."

"என் பேத்திய நீ தூக்கினியே. உன் தட்டுல ஊட்டுனியே."

அது எனக்கு வலித்தது. வலித்ததைக் காட்டிக்கொள்ளாமல், தூக்குவதால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, என் ரத்தத்தில் இப்போது கண்டுபிடிக்கிற அளவுக்கே அது இல்லை என்று மையத்தில் எனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"அவனுக்கும் அதானா? மூளக்காய்ச்சல் இல்லியா?"

"காய்ச்சல்தான்க்கா. அடியில இதுவும் இருந்துச்சு."

பாத்திரத்தைத் தனியாக வைக்கச் சொல்லப்போகிறாள், அதற்கு வார்த்தை தேடுகிறாள் என்றே நான் நினைத்தேன். மாடியில் இருக்கும் என் சாமான்களை எத்தனை பையில் அடக்கலாம் என்றுகூட மனம் ஓடியது. அவள் திரும்ப வந்து உட்கார்ந்தாள். கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"வீட்ல யாருக்கும் தெரியாது."

"வெளிய?"

"ஒருத்திக்குத் தெரியும். பூந்தமல்லியில இருக்கா. மையத்துல பழக்கம்."

"மாடில நின்னுக்கினு போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவியே, அவளா?"

"ஆமாக்கா."

"எத்தினி வருசமா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

அக்கா தலையை நிமிர்த்தினாள். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் ரிப்போர்ட் வந்த அன்று மாடிப்படி ஏறிப்போய்க் கண்ணாடியில் நான் பார்த்த முகம்தான் அது. மெஷின் நம்பருக்கு வந்த பொறாமை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"உன் புருஷன் பொணத்தக் கொண்டாந்து போட்டப்ப, உன்ன மடில போட்டுக்கினு ராவெல்லாம் ஒக்காந்திருந்தது யாரு? நானா, அவளா?"

கீழே கிடந்த கீரையைப் பொறுக்கி அவள் பக்கம் வைத்தேன்.

"நான் செத்தா அழறதுக்கு இந்த ஊட்ல நீ ஒருத்திதான்னு நென்ச்சிக்கினு கீறேன். ஒனக்கு ஒண்ணுன்னா எவளோ ஒருத்திக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. நான் உன் டப்பாவ நோண்டித் தெரிஞ்சிக்கணும்."

கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கீரைத் தண்டை எடுத்து ஒடித்தாள், கூடையில் போட்டாள், இன்னொன்றை எடுத்தாள்.

"எங்க ஊட்டுக்காரராண்ட சொல்லாத, வாய் நிக்காது. எதுத்த ஊட்டு அம்மாவ நான் பாத்துக்கிறேன். இப்ப எங்க டாக்டராண்ட போலாம், நீயே சொல்லு, நான் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்." மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த மாசம் ஒங்க ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன். அந்தப் பூந்தமல்லிக்காரி எப்டிக் கீறான்னு நான் பாக்கணும்."